பத்தாவது மருமகள், முக்கியத்துவம்: தாழ்வு

“ஆணி என் பக்கம் வந்துருச்சுடி! மாதா படத்துக்குப் பக்கத்துல மூக்க நீட்டிக்கிட்டு நிக்குது...”

“நான் மெதுவாத்தான்க்கா அடிச்சேன், பலகை சொத்தையா இருந்தா நான் என்னா...”

“பலகை சொத்தையா? இருவத்திரண்டு வருசமா சொத்தையாத் தெரியாத பலகை, ஒரு நட்சத்திரம் கெடைச்சதும்...”

“நட்சத்திரத்த எதுக்கு இழுக்குறீங்க? ஆணியப் பத்திப் பேசுங்கலா!”

“ஆணியே அந்த நட்சத்திரத்த மாட்டத்தானேடி!”

பலகைக்கு அந்தப் பக்கம் சுத்தியல் இன்னும் இரண்டு தடவை பேசியது. ஆணி இந்தப் பக்கம் மேலும் அரை அங்குலம் வளர்ந்தது.

கோலா சாவா ஊரிலிருந்து செம்பனைக் காட்டுக்குள் மூன்று மைல் போனால் வரும் பழைய தொழிலாளர் லயத்தில் கடைசி இரண்டு வீடுகள் இவை. நடுவில் ஒரே பலகைச் சுவர். இந்தப் பக்கம் அந்தோனியம்மாள், நாற்றுப் பண்ணையில் பைகளுக்கு மண் நிரப்புகிறவள். அவள் கணவர் விக்டர் தோட்டத்து லாரி ஓட்டுகிறார். அந்தப் பக்கம் புஷ்பவள்ளி, தோட்டத்துக் கிளினிக்கைக் கூட்டித் துடைக்கிறவள், எட்டு வயது இளையவள். ஆறு வருடமாகத் தினமும் மாலை ஆறரைக்குப் புஷ்பவள்ளி இந்தப் பக்கம் வந்துவிடுவாள். இருவரும் சேர்ந்து ‘பத்தாவது மருமகள்’ பார்ப்பார்கள். ஏழு மணிக்கு ‘வெள்ளிக் கொலுசுக்காரி’ தொடங்கும். அதையும் பார்ப்பார்கள், ஆனால் பாதியில் புஷ்பவள்ளி தூங்கிவிடுவாள். அது தூங்கத் தகுந்த தொடர் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை.

நட்சத்திரம் வந்த நாளிலிருந்து புஷ்பவள்ளி ஆறரைக்கு வருவதில்லை. அவளுக்குக் கூட்டங்கள் இருந்தன.

நட்சத்திரம் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். எல்லாரும் சேர்ந்து எழுதும் இணையக் கலைக்களஞ்சியம் ஒன்று உண்டு. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம், யாருக்கும் சம்பளம் கிடையாது. இப்படி மூன்று நல்ல குணங்கள் ஓரிடத்தில் சேர்ந்தால், அவற்றைக் கண்காணிக்க ஒரு குழு உண்டாவது இயற்கை. அந்தக் குழுவின் பெயர் சின்னத்திரைத் தொடர்க் கட்டுரைகள் தர மதிப்பீட்டுக் குழு, கோலா சாவா வட்டாரக் கிளை. அது கட்டுரைகளை ஏழு தரங்களாகப் பிரிக்கும். அடித்தட்டில் குறுங்கட்டுரை, உச்சியில் நட்சத்திரக் கட்டுரை. அதுபோக உச்சம், உயர்வு, நடு, தாழ்வு என்று நான்கு முக்கியத்துவங்கள். குழுவில் பதினொரு பேர் இருந்தார்கள். வட்டாரத்தில் கட்டுரை எழுதியவர்கள் இரண்டு பேர்.

பொது மண்டபத்தில் நடந்த ஒருநாள் பயிலரங்குக்கு இருவரும் ஒன்றாகத்தான் போனார்கள். மதியச் சாப்பாடு உண்டு என்று நோட்டீசில் போட்டிருந்தது. கைப்பேசியில் எழுதக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். அந்தோனியம்மாள் ‘பத்தாவது மருமகள்’ பற்றி நான்கு மாதம் கட்டைவிரல் வீங்க எழுதினாள். ஆயிரத்து நூற்றுச் சொச்சம் எபிசோடுகளில் யார் யாரை எங்கே அறைந்தார்கள் என்பதுவரை அதில் இருந்தது. புஷ்பவள்ளி தான் தூங்கிய தொடரைப் பற்றி எழுதினாள்.

முடிவு வந்தபோது புஷ்பவள்ளியின் கட்டுரைக்குச் சட்டமிட்ட நட்சத்திரம் கிடைத்தது; அந்தோனியம்மாளின் கட்டுரைக்கு மேலே ஒரு சாம்பல் நிறப் பெட்டி முளைத்திருந்தது. ‘தரம்: குறுங்கட்டுரை. முக்கியத்துவம்: தாழ்வு.’

“பதினோராயிரம் வார்த்தைங்க. குறுங்கட்டுரையாம்.”

விக்டர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். “ஒனக்கு இப்ப என்னா வேணும் அந்தோனி? நட்சத்திரம் வேணுமா, புஷ்பா வேணுமா?”

“ரெண்டும்.”

“ஒண்ணச் சொல்லு.”

“எனக்கும் நட்சத்திரம் இருந்தா அவ பழையபடி வருவா. இல்லாட்டி அவளுக்கும் இல்லாமப் போவணும். அவளுக்கு இருந்து எனக்கு இல்லாம இருக்கிறதுதான் என்னால முடியல.”

“அப்ப கமிட்டியில போயி கேளுலா. என்கிட்ட கேட்டா நான் என்னா, ஸ்டியரிங் புடிக்கிறவன்.”

குழு சனிக்கிழமைதோறும் பொது மண்டபத்தில் கூடும். அந்தோனியம்மாள் போனபோது பதினொரு பேரும் வரிசையாக மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். முன்வரிசை நாற்காலியில், கழுத்தில் பிளாஸ்டிக் அட்டை தொங்க, புஷ்பவள்ளி உட்கார்ந்திருந்தாள். அட்டையில் ‘நட்சத்திரக் கட்டுரையாளர்’ என்றிருந்தது. அவளுக்கு மட்டும் தே ஓ, அதாவது பாலில்லாத தேநீர், மூடி போட்ட குவளையில் வந்தது. அந்தோனியம்மாள் அந்த மூடியையே பார்த்தாள்.

செயலாளர் தர்மேந்திரன் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். மேடையில்லாத இடத்திலும் மேடைத் தமிழ்தான் பேசுவார்.

“அம்மா, உங்கள் முறையீட்டைக் குழு கவனமாகப் பரிசீலித்தது. உங்கள் கட்டுரை நீளமான குறுங்கட்டுரை; முறையீடு தள்ளுபடி.”

“அது எப்படிங்க சார் நீளமாவும் குறுங்கட்டுரையாவும் இருக்கும்?”

“குறுமை என்பது நீளத்தில் இல்லையம்மா. மேற்கோள் இருக்கிறதா? ஒன்றுமில்லை. எல்லா இடத்திலும் ‘நான் பார்த்தேன்’, ‘நான் பார்த்தேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள்.”

“பாத்தேனே!”

“அதுதான் சிக்கல். பார்த்தவர் சொல்வது சார்புடையது. பார்க்காத ஒருவர் எழுதி, அது அச்சில் வந்து, அதை நீங்கள் எடுத்துக் காட்ட வேண்டும். புஷ்பவள்ளி அவர்களின் கட்டுரையைப் பாருங்கள். பாதித் தொடரை அவர் பார்க்கவே இல்லை. நடுநிலை தானாகவே அமைந்துவிட்டது.”

பதினொரு பேரும் கை தட்டினார்கள். புஷ்பவள்ளி எழுந்து வணங்கினாள்.

“அந்த மாமியாள கொடுமைக்காரின்னு எழுதுனதையும் அடிச்சிருக்கீங்க.”

“‘மருமகள்களுடன் கருத்து வேறுபாடு கொண்ட மூத்த பெண்மணி’ என்று திருத்தியிருக்கிறோம்.”

“மருமக கற்பகத்துக்குப் பாயசத்துல வெசம் வச்சாய்யா அவ!”

“‘வைத்ததாகக் கூறப்படுகிறது.’”

“யாரும் கூறல. கண்ணால பாத்தோம். கேமரா கிட்டக்கப் போயி புட்டியக் காமிச்சிச்சு. புட்டியில மண்டையோடு போட்டிருந்திச்சு. புஷ்பா, நீயும்தானேடி பாத்த? அன்னிக்கு என் கையப் புடிச்சிக்கிட்டு அழுதியே!”

புஷ்பவள்ளி அட்டையைத் திருப்பி நேராக்கினாள். “கூட்டத்துல இருக்கும்போது நான் ஒண்ணும் சொல்லக் கூடாதுக்கா. விதி.”

“மாமியார் தரப்பை நீங்கள் கேட்டீர்களா?” என்றார் தர்மேந்திரன்.

அந்தோனியம்மாள் கேட்கவில்லைதான்.

பிறகு தலைவர் ஆம்புரோஸ் பேசினார். அவர் முப்பத்திரண்டு வருடம் செம்பனை எண்ணெய் ஆலையின் வாசலில் நின்று லாரி லாரியாக வரும் பழக்குலைகளைத் தரம் பார்த்தவர். தரம் பார்க்கத் தெரிந்தவர் வட்டாரத்தில் அவர் ஒருவர்தான் என்பதால் தலைமைப் பதவிக்குப் போட்டியே இருக்கவில்லை.

“தங்கச்சி, கோவப்படாத. தரம்னா ஒண்ணுதான். குலையாவட்டும், கட்டுரையாவட்டும். குலையில பத்து பழம் உதுந்திருந்தா அது பழுத்த குலை. கட்டுரைக்கு அடியில இருக்கே சின்ன நம்பருங்க, அதான் உதிரி. ஒன்னுதுல ஒரு உதிரிகூட இல்ல. காயி. அடுத்தது காம்பு. குலைக் காம்பு ரெண்டு அங்குலத்துக்கு மேல போனா தண்டம். ஒன் கட்டுரையில மொதல் பத்தி என் மொழங்கை நீளம் இருக்கு. நான் ஸ்கிரீன்ல வச்சு அளந்தேன்.”

“உள்ள என்னா எழுதியிருக்குன்னு...”

“உள்ளயா?” ஆம்புரோஸ் சிரித்தார். பதினொரு பேரும் சிரித்தார்கள். “முப்பத்திரண்டு வருசத்துல நான் ஒரு பழத்தக் கடிச்சுப் பாத்ததில்ல. கடிச்சுப் பாக்குறவனால தரம் பாக்க முடியாது தங்கச்சி. அவனுக்கு ருசி தெரிஞ்சு போயிடும். அப்பறம் நியாயமா நடந்துக்க மாட்டான்.”

இந்த வாசகம் அந்தக் கூட்டத்தின் குறிப்பில் தடித்த எழுத்தில் சேர்க்கப்பட்டது.

அச்சில் வந்த சான்று வேண்டும் என்று அந்தோனியம்மாளுக்குப் புரிந்தது. லயத்துக்கு வரும் அச்சுத் தாள்கள் இரண்டுதான். ஒன்று உரக் கம்பெனியின் நாள்காட்டி. மற்றது ஞாயிற்றுக்கிழமைதோறும் மாதா கோயிலில் கொடுக்கும் அறிக்கைத் தாள். அதில் பூசைக் கருத்துகள் வரும். எந்தப் பூசை யாருடைய ஆன்மாவுக்காக, கேட்டவர் யார் என்று.

அந்தத் தாளை எழுதும் உபதேசியாரிடம் போனாள். அவர் தொலைக்காட்சியே வைத்துக்கொள்ளாதவர். பேனாவைத் திறந்தார்.

“எறந்தவங்க பேரு?”

“கற்பகம்.”

“ஒனக்கு என்னா ஒறவும்மா?”

அந்தோனியம்மாள் பொய் சொல்ல விரும்பவில்லை. “தெனமும் சாயங்காலம் வீட்டுக்கு வருவா.”

“அடடா. ஒடம்பு சரியில்லாமயா?”

“மாமியா பாயசத்துல வெசம் வச்சிட்டா.”

உபதேசியார் சிலுவை போட்டுக்கொண்டார். “போலீசுக்குச் சொன்னீங்களா?”

“ஒரு போலீசு வந்திச்சுங்க. மிச்சமிருந்த பாயசத்த அவரு குடிச்சிட்டாரு.”

“அவரும்...?”

“ஆமாங்க.”

“அவரு பேரையும் சேத்துக்கவா?”

“பேரு சொல்லல. ஒரு எபிசோடுக்குத்தான்...” என்று தொடங்கி, அந்தோனியம்மாள் வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு தாளில் வந்தது: ‘காலை 8.30. பாயசம் அருந்தி மரித்த கற்பகம், பெயர் அறியாக் காவலர் ஒருவர் ஆகியோரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. கேட்பவர்: நாற்றுப் பண்ணை அந்தோனியம்மாள்.’ பூசை முடிந்ததும் மூன்று பேர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். திங்கட்கிழமை லாரி ஷெட்டில் விக்டருக்கும் ஆறுதல் சொன்னார்கள்.

“என்னான்னு கேட்டதுக்கு என்னா சொன்னீங்க?”

“நல்ல பொண்ணு, தங்கமான பொண்ணுன்னேன். வேற என்னா சொல்றது?” என்றார் விக்டர். “மேற்பார்வை பாக்குற மண்டோர் ஒரு நாள் லீவு எடுத்துக்கச் சொன்னாரு. எடுத்துக்கவா?”

குழு அந்தத் தாளைக் கண்ணாடி போட்டுப் பார்த்தது. தர்மேந்திரனின் குரல் கனிந்தது.

“இது மிகச் சிறந்த சான்று. அச்சில் வந்திருக்கிறது. எழுதியவர் தொடரைப் பார்த்தவரில்லை. தொடரின் பெயரே இதில் இல்லை என்பதால் சார்பற்ற தன்மை முழுமையாக இருக்கிறது. கற்பகத்தின் மரணம் இன்று முதல் உறுதி செய்யப்படுகிறது.”

“வெசம்?”

“அது இதில் இல்லையே. பாயசம் மட்டும் உறுதி. விஷம் குறித்த முறையீடு தள்ளுபடி.”

ஒரு சான்றுக்கு ஒரு வரி நிற்கலாம் என்பது விதி. சான்றில்லாத மற்ற வரிகளை அவர்களே வெட்டிக் கொடுத்தார்கள். பதினோராயிரம் வார்த்தைகள் போய் இப்படி நின்றது: ‘பத்தாவது மருமகள் ஒரு தொலைக்காட்சித் தொடர். இதில் கற்பகம் பாயசம் அருந்தி மரித்தார்.’ கட்டுரை ஒரு தரம் உயர்ந்தது. இப்போது அது குறுங்கட்டுரை இல்லை, ‘தொடக்கநிலைக் கட்டுரை’.

“ரெண்டு வரி ஆனதும் குறுங்கட்டுரை இல்லையா?” என்றாள் அந்தோனியம்மாள்.

“முன்னேற்றம் கண்கூடு,” என்றார் தர்மேந்திரன்.

அந்த வாரமே ஒரு விபரீதம் நடந்தது. ‘பத்தாவது மருமகள்’ தொடரில் கற்பகம் உயிரோடு திரும்பி வந்துவிட்டாள். ஆற்றங்கரையில் ஒரு மூலிகை வைத்தியர் காப்பாற்றியிருந்தாராம். மாடிப்படியில் அவள் நிழல் விழுந்ததும், மாமியாள் கையிலிருந்த தட்டு கீழே விழுந்ததும், அந்தோனியம்மாள் ஒரு கத்துக் கத்தினாள்.

“புஷ்பா! கற்பகம் வந்துட்டாடி! உசுரோட வந்துட்டா!”

பலகைக்கு அந்தப் பக்கம் புஷ்பவள்ளி சத்தம் போட்டு எதையோ படித்துக்கொண்டிருந்தாள். பகா நகரில் நடக்கப்போகும் கட்டுரையாளர் கௌரவிப்பு விழாவுக்கு அவளைப் பேச அழைத்திருந்தார்கள். வீட்டு வாசலுக்கே கார் வருமாம்.

“‘அவையோர்களே, ஒரு தொடரைப் பார்ப்பது வேறு, ஒரு தொடரை அறிவது வேறு...’ என்னாக்கா? நான் பேச்சு பழகிக்கிட்டு இருக்கேன்க்கா. அப்பறம் சொல்லுங்க.”

அந்தோனியம்மாள் தனியாக உட்கார்ந்து கற்பகத்தைப் பார்த்தாள். ஆறு வருடத்தில் இதைப்போல ஒரு எபிசோடு வந்ததில்லை. பக்கத்தில் ஒருத்தி இல்லாததால் அது பாதிதான் நடந்ததுபோல இருந்தது. ‘பார்ப்பது வேறு, அறிவது வேறு’ என்ற வாக்கியம் பலகை வழியாகப் பதினேழு தடவை வந்தது. பதினேழாவது தடவை அவள் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினாள். கார் வந்த அன்று புஷ்பவள்ளி கட்டியிருந்த பச்சைச் சேலை, தீபாவளிக்குத் தான் சிரம்பான் கடைகளில் தேடி எடுத்துக் கொடுத்த சேலை என்பதையும் அவள் கவனிக்காமல் இல்லை.

அடுத்த சனிக்கிழமை குழுவுக்கு ஓடினாள்.

“சார், கற்பகம் சாகல. திருத்தணும்.”

தர்மேந்திரன் அறிக்கைத் தாளை எடுத்து முன்னால் வைத்தார். “உங்கள் சான்றே அவர் இறந்துவிட்டதாகச் சொல்கிறது.”

“அவ நேத்து மாடியேறி வந்து மாமியாள அறைஞ்சா சார்.”

“தொலைக்காட்சித் தொடரில் வருவதையெல்லாம் நம்பி, தொலைக்காட்சித் தொடரைப் பற்றிய கட்டுரையை எழுத முடியுமா? கோயில் தாளைவிடவா அது பெரிது? அவருக்காகப் பூசையே வைத்தாகிவிட்டது.”

“அப்ப உசுரோட இருக்கிறவளுக்கு என்னா வழி?”

“உயிரோடு இருப்பதற்குச் சான்று கொண்டு வாருங்கள். அதுவரை முறையீடு தள்ளுபடி. இது மூன்றாவது தள்ளுபடி.” அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். முகம் மலர்ந்தது. “மூன்று முறை தள்ளுபடி ஆனவரை அனுபவசாலி என்று கருதி மதிப்பீட்டாளராக நியமிக்க வேண்டும். விதி பதினான்கு. வாழ்த்துகள் அம்மா.”

பதினொரு பேரும் கை தட்டினார்கள். அந்தோனியம்மாள் பன்னிரண்டாவது ஆளாக மேசைக்குப் பின்னால் உட்காரவைக்கப்பட்டாள். கழுத்தில் அட்டை விழுந்தது. மூடி போட்ட குவளையில் தே ஓ வந்தது. அவள் மூடியைத் திறந்து பார்த்தாள். எல்லாரும் குடிக்கும் அதே தே ஓதான்.

பயிற்சி ஒரு மணி நேரம். ஆம்புரோஸ் ஒரு நிஜக் குலையையே மேசைமேல் வைத்துப் பாடம் எடுத்தார். உதிரியை எண்ணு, காம்பை அள, அழுக்கிருக்கிறதா பார். கட்டுரையில் அழுக்கு என்பது ‘பாவம்’, ‘ஐயோ’, ‘அழகாக’ போன்ற சொற்கள்.

“ஒரு குலைக்கு எவ்ளோ நேரம் அண்ணே?”

“அரை நிமிசம். லாரி காத்துக்கிட்டு நிக்கும்ல?”

“இங்க லாரி இல்லியே.”

“இருக்குன்னு நெனச்சுக்க. அப்பத்தான் கை ஓடும்.”

வட்டாரத்தில் இருந்த கட்டுரைகள் இரண்டு. சொந்தக் கட்டுரையை அவள் மதிப்பிடக் கூடாது. எனவே அவளுக்கு வந்த முதல் கோப்பு ‘வெள்ளிக் கொலுசுக்காரி’, காலாண்டு மறுபரிசீலனை.

“பக்கத்து வீட்டுக்காரி எழுதுனதுங்களே, நான் பாக்கலாமா?”

“பக்கத்து வீடு என்பதால்தான் உங்களுக்கு,” என்றார் தர்மேந்திரன். “ஏதும் சந்தேகம் என்றால் கேட்க வசதி. ஆனால் கேட்கக் கூடாது.”

பதினான்கு பக்கம் அச்செடுத்துக் கொடுத்தார்கள். அந்தோனியம்மாள் அதை மடியில் போட்டுக்கொண்டு, சிவப்புப் பேனாவுடன் ஆறரைக்குத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தாள். கற்பகம் மாமியாளைப் பழிவாங்கத் தொடங்கியிருந்த வாரம் அது. கண்ணை எடுக்க முடியவில்லை. விளம்பரம் வந்தபோது மட்டும் குனிந்தாள்.

முதல் விளம்பரத்தில் காம்பை விரலால் அளந்தாள். இரண்டரை அங்குலம். இரண்டாவது விளம்பரத்தில் அடியிலிருந்த சின்ன எண்களை எண்ணினாள். எண்கள் இருந்த வரிகளை விட்டுவிட்டு, எண் இல்லாத வரிகள் மேலெல்லாம் கோடு இழுத்தாள். முப்பத்தொரு கோடு. ஒரு கோட்டை இழுத்த கையோடு அடுத்ததைத் தேடினாள். விக்டர் பின்னால் வந்து நின்றார்.

“என்னா அந்தோனி, மண்ணு கொத்துற மாதிரி கொத்துற?”

“வேல செய்யிறேன். தொந்தரவு பண்ணாதீங்க.”

“அந்தப் புள்ள ராத்திரி பகலா ஒக்காந்து எழுதுச்சு.”

“நானுந்தான் எழுதுனேன். எனக்கு யாரு பாத்தா?”

மூன்றாவது விளம்பரத்தில், ‘தரம்’ என்ற இடத்தில் ‘தொடக்கநிலை’ என்று எழுதினாள். தன்னுடையதைவிடக் கீழே தள்ளவில்லை. அதில் அவளுக்குத் தன் பெருந்தன்மை குறித்து ஒரு திருப்தி இருந்தது. மொத்தம் பதினோரு நிமிடம் ஆயிற்று. குழுவின் வரலாற்றிலேயே ஒரு கட்டுரைக்கு இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டவர் வேறு யாரும் இல்லை என்று ஆம்புரோஸ் பிறகு பாராட்டினார்.

நட்சத்திர இறக்க விழா, நட்சத்திரம் கொடுத்த விழாவைவிடச் சிறப்பாக நடந்தது. கறிபாப் பலகாரம் இருந்தது. ரந்தா ஊரிலிருந்து வாடகைக்கு ஒலிபெருக்கி வந்தது.

“நட்சத்திரம் வழங்க ஒரு கையெழுத்து போதும்,” என்று முழங்கினார் தர்மேந்திரன். “இறக்குவதற்கு ஏழு கையெழுத்து வேண்டும். இந்தக் குழு எதைப் பொறுப்பாகச் செய்கிறது என்பதை இதிலிருந்தே மக்கள் புரிந்துகொள்ளலாம். இன்றைய தினம் நமது வட்டாரத்தில் நட்சத்திரக் கட்டுரை ஒன்றுகூட இல்லை. இவ்வளவு உயர்ந்த தர நிர்ணயம் வேறு எந்த வட்டாரத்திலும் கிடையாது!”

கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று.

புஷ்பவள்ளி மேடையேறி, சட்டமிட்ட நட்சத்திரத்தையும் கழுத்து அட்டையையும் மேசைமேல் வைத்தாள். அந்தோனியம்மாள் கையெழுத்திட்டு முப்பத்தொரு கோடு போட்ட பதினான்கு பக்கத்தையும் அவளிடம் கொடுத்தார்கள். அவள் அதை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். யாரையும் பார்க்கவில்லை. முன்வரிசையில் அவளுக்கு நாற்காலி இல்லாததால் பின்னால் போய்ச் சுவரோரம் நின்றாள். மேசைக்குப் பின்னால் பன்னிரண்டாவது நாற்காலியிலிருந்து அந்தோனியம்மாள் அதைப் பார்த்தாள். பார்க்க வேண்டும் என்று மூன்று மாதம் ஆசைப்பட்டிருந்தாள். எதிர்பார்த்த அளவுக்கு நன்றாக இல்லை.

மறுநாள் சாயங்காலம் கதவு தட்டப்பட்டது.

“வரலாமாக்கா?”

“வாடி! இதென்னா புதுசா கேக்குற? வா, வா, ஒக்காரு. என்னாங்க, அந்த ஃபேன இவ பக்கம் திருப்புங்க. தேத்தண்ணி கலக்கவா? கருப்பா, பாலு போட்டா?”

“ஒண்ணும் வேணாம்க்கா.”

“கற்பகம் கத தெரியுமா ஒனக்கு? நீ மூணு மாசமா பாக்கல. அவ செத்தே போவல. மாமியாள அறைஞ்சுட்டுப் போனவ, இப்ப மாறுவேசத்துல அதே வூட்டுக்கு வேலைக்காரியா வந்திருக்கா. மாமியாளுக்கே பாயசம் காய்ச்சிக் குடுக்குறா. பாரு, பாரு, எப்புடி ஆசையா வாங்குறா பாரு அந்தப் பொம்பள!”

புஷ்பவள்ளி பார்த்தாள். அந்தோனியம்மாள் நிறுத்தாமல் பேசினாள். ஆறு வருடத்தில் பேசியதைவிட அன்று ஒரு அரைமணியில் அதிகம் பேசினாள். யார் யாருக்கு என்ன ஆயிற்று, மூன்றாவது மருமகள் எங்கே போனாள், வீட்டுப் பத்திரம் யார் கையில் இருக்கிறது, எல்லாம் சொன்னாள். புஷ்பவள்ளி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மாமியாள் பாயசக் கிண்ணத்தை வாயருகே கொண்டு போனாள். இசை ஓங்கியது. விளம்பரம் வந்துவிட்டது.

“இந்தக் கட்டத்துலதான் போடுவானுங்க!” என்றாள் அந்தோனியம்மாள், சிரித்துக்கொண்டே.

புஷ்பவள்ளி கைப்பையைத் திறந்து, மடித்த தாள்களை எடுத்து மடியில் பிரித்தாள். சிவப்புக் கோடுகள் ஒவ்வொன்றும் ஸ்கேல் வைத்ததுபோல நேராக இருந்தன. கோட்டுக்கு அடியில் இருந்த எழுத்துகளைப் படிக்க முடிந்தது. அவள் விரலால் மேலிருந்து கீழே தடவிக்கொண்டே போய், தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்:

“வெட்டுன முப்பத்தொரு வரியில, ஒண்ணே ஒண்ணையாச்சும் படிச்சுப் பாத்தீங்களாக்கா?”